சின்ன நாய் மூச்சை இழுத்துத் திணறினால் என்ன செய்வது? புதிதாக நாய் வளர்ப்பவர்களுக்கு

விளையாடிக்கொண்டிருந்த நாய் திடீரென்று நின்றுவிடும். முன்னங்கால் இரண்டையும் அகட்டி ஊன்றி, கழுத்தை முன்னால் நீட்டி, வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக ‘ஹ்ர்க்... ஹ்ர்க்... ஹ்ர்க்’ என்று மூச்சை உள்ளே இழுக்கும். கண் பிதுங்கும், வயிறு உள்வாங்கும், ஒவ்வொரு இழுப்புக்கும் உடம்பு குலுங்கும். பார்க்கிறவருக்கு ‘போச்சு’ என்றிருக்கும். அரை நிமிடத்தில் எல்லாம் நின்று, ஒருமுறை விழுங்கி, மூக்கை நக்கிவிட்டு, நாய் விட்ட பந்தைத் தேடிப் போய்விடும். நாம்தான் நடுக்கம் குறையாமல் நிற்போம்.

வீட்டில் இதைப் பார்த்தவர்கள் “இழுப்பு வந்துடுச்சு” என்பார்கள், “வலிப்பு” என்பார்கள், இல்லாவிட்டால் “எலும்பு மாட்டிக்கிச்சு” என்பார்கள். பெரும்பாலும் மூன்றும் இல்லை. டாக்டர்கள் ரிவர்ஸ் ஸ்னீசிங் என்று சொல்கிற பின்தும்மல் இது. மூக்கின் முன்பக்கம் ஏதாவது உறுத்தினால் உடம்பு காற்றை வெளியே தள்ளும்; அது சாதாரணத் தும்மல். மூக்கும் தொண்டையும் சேருகிற இடத்தில், மேலண்ணத்துக்கு மேலே உறுத்தினால், காற்றைப் பலமாக உள்ளே இழுத்து, உறுத்துவதைத் தொண்டைக்குக் கொண்டுவந்து விழுங்கப் பார்க்கும். முடியும்போது நாய் விழுங்குவது அதனால்தான். சில நொடிகளிலிருந்து ஒரு நிமிடம் வரை, எப்போதாவது இரண்டு நிமிடம் வரை போகும். ஒன்று நின்று அடுத்தது தொடர்வதும் உண்டு.

எந்த நாய்க்கும் வரலாம். ஆனால் பக், ஷி ட்சு, லாசா ஆப்சோ, சிஹுவாஹுவா, டாய் பூடில், ஸ்பிட்ஸ் போன்ற சின்ன நாய்களிடம்தான் அதிகம் பார்க்கிறோம். (நம் ஊரில் ‘பொமரேனியன்’ என்று விற்கப்படுவதில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ்தான். மூச்சு விஷயத்தில் இரண்டுக்கும் இங்கே சொல்வது பொருந்தும்.)

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக நாய் வளர்ப்பவர்கள் சத்தத்தின் அளவை வைத்து ஆபத்தை எடைபோடுகிறார்கள். அது சரிப்படாது. வீட்டையே கூட்டும் பின்தும்மல் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சத்தமே இல்லாமல், தூங்கும்போது கொஞ்சம் வேகமாக மூச்சுவிடுகிற வயதான நாய்தான் டாக்டரிடம் போக வேண்டிய நாய். பார்க்க வேண்டியது இரண்டு: ஈறு என்ன நிறத்தில் இருக்கிறது, சத்தம் நின்றபிறகு நாய் எப்படி இருக்கிறது.

வந்துகொண்டிருக்கும்போது

முதலில் வீட்டில் இருப்பவர்களை விலக்குங்கள். நாலு பேர் சுற்றி நின்று “ஐயோ ஐயோ” என்றால் நாய்க்குப் பதற்றம் கூடும், பதற்றம் கூடினால் இழுப்பு நீளும். ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்காருங்கள். கழுத்தில் பெல்ட் இருந்தால் கழற்றுங்கள். சாம்பிராணிப் புகையோ தாளிப்பு நெடியோ இருக்கிற இடம் என்றால், தூக்கிக்கொண்டு பால்கனிக்கோ வாசலுக்கோ போங்கள். தூக்கும்போது மார்புக்கும் பின்பக்கத்துக்கும் கை கொடுத்து, கழுத்து நேராக இருக்கும்படி தூக்க வேண்டும். அக்குளில் கைவிட்டுக் குழந்தையைத் தூக்குவதுபோல் தொங்கவிடக் கூடாது.

அப்புறம் கடிகாரத்தைப் பாருங்கள். பதற்றத்தில் இருபது நொடி ஐந்து நிமிடமாகத் தெரியும். “அரைமணி நேரமா இழுத்தது டாக்டர்” என்று சொல்லி, வீடியோவைப் போட்டால் நாற்பது நொடி இருக்கும். இது எல்லாருக்கும் நடக்கிறதுதான்.

அடுத்தது ஈறு. உதட்டின் ஓரத்தை விரலால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் காற்று போகிறது என்று அர்த்தம். பல ஸ்பிட்ஸுக்கும் பக்குக்கும் ஈறு இயல்பிலேயே கறுப்பாக இருக்கும். அப்போது நாக்கையோ கீழ் இமையின் உட்பக்கத்தையோ பாருங்கள். இந்தப் பழக்கம் நாய் நன்றாக இருக்கும்போதே வர வேண்டும். நாளைக்கே உங்கள் நாயின் உதட்டைத் தூக்கி, பகல் வெளிச்சத்தில் அதன் சொந்த நிறம் என்னவென்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து, இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். அதையும் சேர்த்தே பழகிவிடலாம்.

நிறம் சரியாக இருந்தால், தொண்டையின் முன்பக்கத்தை மேலிருந்து கீழாக மெதுவாகத் தடவிக்கொடுங்கள். விழுங்கவைப்பதுதான் நோக்கம். விழுங்கினால் இழுப்பு உடையும். மூக்கின் மேல் மெல்ல ஊதினாலும் சில நாய்கள் நாக்கை நீட்டி நக்கிவிட்டு விழுங்கும். மூக்குத் துவாரத்தை ஒரு நொடி விரலால் மூடி விடுகிற வழியும் உண்டு. மூக்கு நீண்ட நாய்க்கு அது சரி. பக், ஷி ட்சு மாதிரி முகம் சப்பையான நாய்க்கு வேண்டாம், ஏற்கெனவே அதற்குக் காற்று சிரமம். இவற்றில் எதையும் செய்யாமல் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் அது தானாகவே நின்றுவிடும்.

செய்யக் கூடாதவைதான் முக்கியம். வாயைத் திறந்து விரலை விடாதீர்கள். தண்ணீர், தேன், துளசிச் சாறு என்று எதையும் ஊற்றாதீர்கள். மூச்சை இழுத்துக்கொண்டிருக்கிற நாயின் வாயில் ஊற்றினால் அது நேராக நுரையீரலுக்குப் போகலாம். முதுகில் தட்டாதீர்கள். தைலமோ விக்ஸோ மூக்கில் தடவாதீர்கள். உறுத்தலால் வந்த இழுப்புக்கு இன்னொரு உறுத்தலைக் கொடுப்பானேன்?

கையில் போன் இருந்தால் வீடியோ எடுங்கள். இதைச் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. நாயைத் தூக்கிக்கொண்டு கிளினிக் போய்ச் சேருவதற்குள் அது வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும், டாக்டருக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. நாயின் பக்கவாட்டிலிருந்து, தலையும் விலாவும் ஒரே படத்தில் தெரியும்படி, விளக்கைப் போட்டு, டிவியை அணைத்துவிட்டு அரை நிமிடம் எடுத்தால் போதும். முடிந்தபிறகு நாய் என்ன செய்கிறது என்பதையும் சில நொடி சேர்த்து எடுங்கள். “இழுப்பு மாதிரி வருது சார்” என்று நீங்கள் வாயால் சொல்வதை வைத்து டாக்டர் ஐந்தாறு நோயை யோசிக்க வேண்டியிருக்கும். வீடியோவைப் பார்த்தால், “இது ஒண்ணும் இல்லம்மா, வீட்டுல என்ன புகை போடுறீங்க?” என்று நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார்.

வீட்டில் தேட வேண்டிய காரணங்கள்

நம் வீடுகளில் நாயின் மூக்குக்கு வேலை கொடுக்கிற பொருள்களுக்குக் குறைவே இல்லை. செவ்வாய், வெள்ளி சாம்பிராணி. காலை மாலை ஊதுபத்தி, கற்பூரம். கொசுவர்த்திச் சுருள், அது எரிவது தரையில், சின்ன நாயின் மூக்கு இருப்பதும் அதே உயரத்தில். நாம் கட்டிலில் படுத்திருக்கிறோம், நமக்கு லேசான வாசனைதான் வரும். அதற்கு முழுப் புகை. பீரோவில் போடுகிற நாப்தலின் உருண்டை, தரை துடைக்கிற பினாயில், குளியலறை ஆசிட், அறைக்கு அடிக்கிற ஸ்ப்ரே, நம் சென்ட். நாய்க்கே அடிக்கிற பவுடர் வேறு: குளிப்பாட்டிவிட்டு மணக்க வேண்டும் என்று பலர் குழந்தைப் பவுடரைக் கொட்டித் தேய்க்கிறார்கள். அந்த மாவுத்தூசியை நாய் நாள் முழுக்க முகர்ந்துகொண்டிருக்கும்.

மிளகாய் தனிக் கதை. சமையலறையில் வறமிளகாய் வறுபடும்போது நாம் இருமுகிறோம், ஜன்னலைத் திறக்கிறோம். நாயின் மூக்கு நம்முடையதைவிடப் பல மடங்கு நுட்பமானது, ஆனால் அதற்கு ஜன்னலைத் திறக்கத் தெரியாது. சில வீடுகளில் நாய்க்கு இழுப்பு வந்தால் ‘யாரோ கண்ணு வெச்சுட்டாங்க’ என்று உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுகிறார்கள். அந்த நெடியில் அடுத்த இழுப்பு வருகிறது. திருஷ்டி கழிக்கத்தான் வேண்டும் என்றால் நாயை மாடிக்கு அனுப்பிவிட்டுக் கழியுங்கள்.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு சின்ன நோட்டு போதும். தேதி, நேரம், எவ்வளவு நேரம் வந்தது, அதற்கு முந்தின பத்து நிமிடத்தில் வீட்டில் என்ன நடந்தது. இந்த நான்கை மட்டும் எழுதினால் இரண்டு மூன்று வாரத்தில் ஏதாவது ஒரு ஒழுங்கு தெரியும். மாலை ஆறரைக்கு மட்டும் வருகிறதா? விளக்கு ஏற்றுகிற நேரம். ஏசி போட்டபிறகா? வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள், கழுவி எத்தனை மாதமோ. வீட்டுக்கு ஆள் வந்தால் வருகிறதா? அது வெறும் உற்சாகம். சாப்பாட்டுத் தட்டை வைத்ததும் வருகிறதா? அவசரமாக விழுங்குகிறது, தட்டில் ஒரு பெரிய, வாயில் போக முடியாத கல்லையோ கிண்ணத்தையோ கவிழ்த்து வைத்துச் சுற்றிலும் சாப்பாட்டைப் போட்டால் நிதானமாகத் தின்னும். போகிப் பண்டிகை காலையிலும் தீபாவளி இரவிலும் வருவதற்கு நோட்டே வேண்டாம். அந்த இரண்டு நாளும் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளறையில் வைத்திருங்கள்.

வாக்கிங்கில் செயினை இழுக்கும்போது வந்தால் பெல்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, கழுத்துக்குப் பதிலாக மார்பைச் சுற்றிக் கட்டுகிற ஹார்னெஸ் வாங்குங்கள். சின்ன நாய் எதுவானாலும், இந்தப் பிரச்சினை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கழுத்துப் பட்டையில் செயினை மாட்டி இழுப்பது தவறு என்பது என் கட்சி. அந்தக் கழுத்துக்குள் இருக்கிற மூச்சுக்குழாய் நம் சுண்டுவிரல் கனம்கூட இருக்காது. லைசென்ஸ் வில்லையும் பெயர்ப் பலகையும் தொங்கவிட மட்டும் பெல்ட் இருக்கட்டும். ஹார்னெஸ் வாங்கும்போது பட்டை தொண்டையின் குறுக்கே போகாமல் மார்பெலும்பின் மேல் உட்காருகிறதா என்று பாருங்கள். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும்.

பின்தும்மல் என்று நினைத்துவிடக் கூடாதவை

வாத்து கத்துவதுபோல ‘க்காங்... க்காங்’ என்று வறட்டு இருமல் வந்தால் அது வேறு. இங்கே காற்று வெளியே வருகிறது, வாய் திறந்திருக்கும், கடைசியில் ஓங்கரித்து நுரையைத் துப்பும். டாய் பூடில், யார்க்‌ஷயர் டெரியர், பொமரேனியன், சிஹுவாஹுவா இவற்றுக்கு நடுவயதில் மூச்சுக்குழாய் தளர்ந்துபோவது உண்டு. குழாயைத் திறந்து வைத்திருக்கிற குருத்தெலும்பு வளையங்கள் வலுவிழந்துவிடும். பழச்சாற்றை வேகமாக உறிஞ்சினால் ஸ்ட்ரா ஒட்டிக்கொள்வதைப்போல மூச்சு இழுக்கும்போது குழாய் சப்பையாகிவிடும். உற்சாகம், வெயில், கழுத்தில் பெல்ட், உடல் பருமன் நான்கும் இதை மோசமாக்கும். டாக்டர் கழுத்தின் முன்பக்கத்தை விரலால் லேசாக அழுத்தினாலே இருமல் கிளம்பும் (நீங்கள் அழுத்திப் பார்க்க வேண்டாம்). எக்ஸ்ரே எடுப்பார்கள், சில நேரம் மூச்சு விடும்போது ஒன்று, இழுக்கும்போது ஒன்று என்று எடுக்க வேண்டிவரும், ஏனென்றால் குழாய் எல்லா நேரமும் சப்பையாக இருப்பதில்லை. மருந்து இருக்கிறது. ஆனால் மருந்தைவிட எடையைக் குறைப்பதுதான் பல நாய்களுக்கு அதிகம் உதவும். பால்சாதம், பிஸ்கட், தாத்தா கொடுக்கிற வடைத் துண்டு எல்லாம் நிற்க வேண்டும். தாத்தாவை நிறுத்துவதுதான் கஷ்டம்.

பக், ஷி ட்சு, பிரெஞ்சு புல்டாக் விஷயம் இன்னொன்று. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்து முகத்தைச் சப்பையாக்கிவிட்டோம், உள்ளே இருக்கிற மேலண்ணம் குறையவில்லை. அது தொண்டையில் தொங்கிக்கொண்டு காற்றை மறிக்கும். மூக்குத் துவாரமும் குறுகல். “பக் என்றால் குறட்டை விடத்தான் செய்யும்” என்று எல்லாரும் சொல்வார்கள். ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் ‘கொர் கொர்’ என்று இரைகிற நாய் சிரமப்பட்டுத்தான் மூச்சுவிடுகிறது. தலையணையில் மோவாயை உயர்த்தி வைத்துக்கொண்டு தூங்குகிறது, வாயில் பொம்மையைக் கவ்விக்கொண்டு தூங்குகிறது, நின்றுகொண்டே கண் அயர்கிறது என்றால் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பிச் சிரிக்காதீர்கள், டாக்டருக்கு அனுப்புங்கள். மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தவும் மேலண்ணத்தைக் குறைக்கவும் அறுவை சிகிச்சை உண்டு. இளம் வயதில் செய்தால் பலன் அதிகம்.

கடையிலிருந்தோ போர்டிங்கிலிருந்தோ (நாயை விட்டுச்செல்கிற விடுதி) வந்த சில நாளில் விடாத வறட்டு இருமல் தொடங்கினால் தொற்றாக இருக்கலாம்; கென்னல் காஃப் என்பார்கள். மற்ற நாய்களிடமிருந்து பிரித்து வையுங்கள். தடுப்பூசி முழுதாகப் போடாத குட்டிக்கு மூக்கிலும் கண்ணிலும் சளி, காய்ச்சல், இருமல், சாப்பாடு இறங்கவில்லை என்றால் டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோயாக இருக்கலாம், அன்றைக்கே போக வேண்டும்.

ஒரு பக்க மூக்கில் மட்டும் சளி, சீழ், ரத்தம் என்றால் அதைப் பின்தும்மல் கணக்கில் எழுதாதீர்கள். புல் விதையோ உமியோ மூக்கில் ஏறியிருக்கலாம். குளம் குட்டையில் தண்ணீர் குடிக்கிற நாய்க்கு மூக்குக்குள் அட்டை ஏறுவது உண்டு. டாஷண்ட் போன்ற நாய்களில் மேல்பல் வேர் அழுகி மூக்கு வரை ஓட்டை விழுந்திருக்கலாம். வாய் நாறும், சாப்பிட்டதும் தும்மும். மூக்கில் ரத்தம் என்றால் உண்ணிக் காய்ச்சலையும் நினைக்க வேண்டும். உண்ணி கடித்துப் பரவுகிற எர்லிகியா கிருமி ரத்தம் உறையத் தேவையான தட்டணுக்களைக் குறைத்துவிடும், மூக்கிலிருந்து தானாக ரத்தம் வரும். நம் பக்கம் இது சாதாரணமாகப் பார்க்கிற நோய்தான். ரத்தப் பரிசோதனையில் தெரியும், நேரத்தோடு மருந்து கொடுத்தால் குணமாகும்.

தூங்கும் நாயின் மூச்சை எண்ணுவது

ஏழெட்டு வயது தாண்டிய சின்ன நாய்களுக்கு இதய வால்வு தடித்து ஒழுகத் தொடங்குவது மிகச் சாதாரணம். ஒழுகல் முற்றினால் நுரையீரலில் நீர் கோக்கும். அதற்குமுன் நாய் பெரிய சத்தம் எதுவும் போடாது. மாடிப்படி ஏற யோசிக்கும், ராத்திரி இருமும், இடம் மாற்றி மாற்றிப் படுக்கும். வயசாயிடுச்சு என்று விட்டுவிடுவோம். வீட்டிலேயே இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, காசு செலவில்லை.

நாய் நன்றாகத் தூங்கட்டும். ஓடிவந்து இப்போதுதான் படுத்த நாய் கணக்கில் சேராது. மூச்சிரைக்கிற நாயும் சேராது. கால் உதறி, மீசை துடித்து, கனவு கண்டுகொண்டிருந்தாலும் காத்திருங்கள், அப்போது மூச்சு தாறுமாறாக இருக்கும். விலா மெதுவாக ஏறி இறங்க ஆரம்பித்ததும் போனில் 30 நொடி வையுங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. ஸ்பிட்ஸ் மாதிரி முடி அடர்ந்த நாய்க்கு விலா அசைவது தெரியாது; இடுப்புக்கு முன்னால் வயிறு ஓரத்தில் இருக்கிற முடி நுனியைப் பாருங்கள், அது அசையும். தொடாதீர்கள், விழித்துக்கொள்ளும். வந்த எண்ணை இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும்; நல்ல ஆரோக்கியமான நாய்க்கு பெரும்பாலும் அதைவிட நன்றாகக் குறைவாகவே இருக்கும். ஒருநாள் 32 வந்தால் பதற வேண்டாம், அரைமணி கழித்து மறுபடி எண்ணுங்கள், புழுக்கமான அறை என்றால் மின்விசிறியைப் போட்டுவிட்டு எண்ணுங்கள். திரும்பத் திரும்ப 30-க்கு மேல் வந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். 40-ஐத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

எப்போது ஓட வேண்டும்

ஈறோ நாக்கோ நீலம், ஊதா, சாம்பல், வெள்ளை நிறமாக மாறினால். சத்தம் நின்றபிறகும் நாய் இயல்புக்கு வராமல் வாயைத் திறந்து மூச்சுக்குப் போராடினால். படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தால், முழங்கையை வெளியே தள்ளிக்கொண்டு நின்றால், ஒவ்வொரு மூச்சுக்கும் வயிறு எக்கிப் போனால். மயங்கி விழுந்தால், அரை நிமிடத்தில் எழுந்துவிட்டாலும் சரி. முகம் வீங்கி, கூடவே மூச்சு இரைந்தால். குளவி, தேனீ கொட்டியிருக்கலாம், ஊசி போட்டு வந்த அன்றும் இப்படி வரலாம். இவற்றுக்கு வீட்டு வைத்தியமும் கிடையாது, வீடியோவும் வேண்டாம். கிளம்புங்கள். வண்டியில் ஜன்னலைத் திறந்தோ ஏசி போட்டோ, அது எப்படி உட்கார விரும்புகிறதோ அப்படியே விட்டுக் கொண்டுபோங்கள். மடியில் மல்லாத்திப் போடக் கூடாது, வாயைக் கட்டவும் கூடாது.

இரண்டு சந்தர்ப்பத்தில் மட்டும் கிளம்புவதற்கு முன் நீங்களே கை வைக்க வேண்டும்.

ஒன்று, உண்மையிலேயே தொண்டை அடைத்துக்கொள்வது. கோழி எலும்பு, மாங்கொட்டை, ரப்பர் பந்து. பின்தும்மலுக்கும் இதற்கும் வித்தியாசம் பார்த்ததும் தெரியும்: நாய் முன்னங்காலால் வாயைப் பிறாண்டும், எச்சில் ஒழுகும், பயந்து அங்குமிங்கும் ஓடும், முழுதாக அடைத்தால் சத்தமே வராது. அது இருமிக்கொண்டிருக்கும் வரை இருமவிடுங்கள். இரும முடியாமல் போனால் வாயைத் திறந்து பாருங்கள். பொருள் கண்ணுக்குத் தெரிந்து, விரலால் பிடித்து இழுக்க முடிந்தால் மட்டும் எடுங்கள். தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போகும். சின்ன நாயை முதுகு உங்கள் பக்கம் இருக்க, தலை கீழ்நோக்கி வரும்படி பிடித்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையால் ஐந்து முறை தட்டுங்கள். வரவில்லை என்றால் கடைசி விலாவுக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே வயிற்றில் இரண்டு மூன்று விரலை வைத்து உள்ளேயும் மேலேயும் ஐந்து முறை அழுத்துங்கள். மறுபடி வாயைப் பாருங்கள். பொருள் வெளியே வந்துவிட்டாலும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும்.

இன்னொன்று வெயில். சித்திரை வெயிலில் மதியம் நடந்த பக், மூடிய காரில் ‘ஐந்தே நிமிஷம்’ விட்ட ஷி ட்சு. நாக்கு அகலமாகி வெளியே தொங்கும், எச்சில் கெட்டியாக ஒழுகும், ஈறு செங்கல் நிறமாகும், தள்ளாடும். நாயின் இயல்பான வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 104-ஐத் தாண்டினால் ஆபத்து. முதலில் குளிரவைக்க வேண்டும், அப்புறம்தான் வண்டி. நிழலில் போட்டு, சாதாரணக் குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, மின்விசிறியை முழு வேகத்தில் வையுங்கள். ஐஸ் கட்டி வேண்டாம். ஈரத்துண்டைப் போர்த்தி விட்டுவிடவும் வேண்டாம், துண்டு சூடாகிச் சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும். ஆசனவாயில் வைக்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தால், 103-க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்.

எங்கே கிளம்புவது என்பதை இன்றைக்கே முடிவு செய்யுங்கள். ராத்திரி திறந்திருக்கிற கிளினிக் எது, அங்கே ஆக்சிஜன் இருக்கிறதா என்று பகலில் போன் செய்து கேட்டு, எண்ணைப் பதிந்து வையுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி தெரிந்திருக்கும். 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கே இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகளிலும் மருத்துவமனை உண்டு. எங்கே போவதானாலும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

டாக்டரிடம்

பின்தும்மல் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை வந்து தானாக அடங்கினால் அவசரமில்லை. அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது வீடியோவைக் காட்டினால் போதும். திடீரென்று தினமும் வர ஆரம்பித்தால், ஒருநாளில் பலமுறை வந்தால், வயதான நாய்க்கு வாழ்க்கையில் முதல்முறையாக வந்தால் தனியாக ஒரு நடை போய்வாருங்கள். நோட்டையும் எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் வாய், பல், மூக்கு, தொண்டை பார்ப்பார், இதயத்தைக் கேட்பார். இதயத்தில் முணுமுணுப்பு (வால்வு ஒழுகினால் வருகிற சத்தம்) கேட்கிறதா என்று நீங்களாகவே கேளுங்கள், சொல்ல மறந்துவிடுவதுண்டு. ஒவ்வாமை என்று தோன்றினால் மாத்திரை தருவார். நாசிக்குள் வாழும் நுண்ணிய பூச்சிகளாலும் இது வரலாம், அதற்கும் மருந்து இருக்கிறது. மூக்குக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது மயக்க மருந்து கொடுத்துச் செய்ய வேண்டியது. எடுத்த எடுப்பில் அது தேவைப்படாது.

மெடிக்கல் ஷாப் வைத்தியம் வேண்டவே வேண்டாம். மூக்கடைப்புக்கு நாம் போடுகிற மாத்திரைகளில் இருக்கிற சூடோஎபிட்ரினும் பினைலெஃப்ரினும் சின்ன நாயின் இதயத்தை எகிறவைக்கும். சர்க்கரை இல்லாத இருமல் சிரப்புகள் சிலவற்றில் சைலிடால் என்கிற இனிப்பு இருக்கும். அது நாயின் ரத்தச் சர்க்கரையைச் சரித்துவிடும். பாரசிட்டமால், இபுபுரூஃபன் இரண்டும் ஆபத்து. “குழந்தைக்குக் கொடுக்கிறதுதானே, கால் ஸ்பூன்” என்பார்கள். மூன்று கிலோ நாய்க்குக் கால் ஸ்பூனே அதிகமாக இருக்கலாம். பக்கத்து வீட்டு நாய்க்கு எழுதித் தந்த ஐவர்மெக்டின் என்கிற பூச்சி மருந்து ஊசியையும் கடன் வாங்காதீர்கள். கோலி (Collie) என்கிற மேய்ப்பு நாய் ரகங்களுக்கும் அவற்றின் கலப்புகளுக்கும் அது மூளை வரை போகக்கூடிய மருந்து.

இனிமேல்தான் நாய் வாங்கப் போகிறேன், பக் அல்லது ஷி ட்சுதான் வேண்டும் என்று வீட்டில் அடம்பிடிக்கிறார்கள் என்றால், குட்டியின் மூக்கை நேருக்கு நேர் பாருங்கள். துவாரம் வட்டமாகத் திறந்திருக்க வேண்டும். பென்சிலால் கீறிய கோடுபோல் ஒடுங்கியிருந்தால் வேண்டாம். தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். அது படுத்திருக்கும்போது பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக் கேளுங்கள், அப்புறம் கொஞ்சம் நடக்கவிட்டுக் கேளுங்கள். விற்கிறவர் “இந்த ரகமே அப்படித்தான் சார்” என்றால், அடுத்த வீட்டுக் குட்டியைப் பார்க்கலாம்.